பழைய காரில் கூலண்ட் கசிவைக் கண்டுபிடிக்கும் முறை

பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர், ரேடியேட்டரில் கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது என்று தெரிந்தால், டிக்கியில் ஒரு கேன் தண்ணீரை வைத்துக்கொண்டு குறையும்போதெல்லாம் ஊற்றி ஓட்டப் பழகிவிடுகிறார்கள். வாரத்துக்கு அரை லிட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் சிறிய எஞ்சின்களில் மொத்தக் கூலண்ட்டே மூன்று நான்கு லிட்டர்தான் என்பதால், அரை லிட்டர் என்பது சிறிய அளவு அல்ல. வெயில் காலத்தில் சுங்கச்சாவடி வரிசையில் நிற்கும்போது அந்தக் கசிவு திடீரென்று பெரிதானால், எஞ்சினின் மேல்பாகமான, அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்துவிடும். சில நூறு ரூபாய் ரப்பர் ஹோஸில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஹெட்டைக் கழற்றி இழைத்து, அதன் அடியில் உள்ள அடைப்புத் தகடான கேஸ்கட்டை மாற்றும் வேலையாகிவிடும். டேஷ்போர்டில் உள்ள வெப்பமானி எச்சரிக்கும் என்று நம்பியிருப்பதும் சரியல்ல. கூலண்ட் மட்டம் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால், சென்சாரைச் சுற்றித் திரவம் இல்லாமல் ஆவி மட்டுமே இருக்கும். அப்போது எஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிக் காட்டுவதும் உண்டு.

இங்கே சொல்லும் முறை, மாருதி 800, ஜென், பழைய சான்ட்ரோ போன்ற, முன்புறம் ரேடியேட்டரும் மின்விசிறியும் தனியாகக் கூலண்ட் டப்பாவும் உள்ள பெட்ரோல் கார்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பிற பழைய கார்களுக்கும் அடிப்படை இதுவேதான். வேறுபாடு உள்ள இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

தேடத் தொடங்குவதற்கு முன், இந்த அமைப்பு அழுத்தத்தில் வேலை செய்கிறது என்பதை மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, அது ஒரு வால்வு. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று பொறித்திருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அத்தனை கிலோ அழுத்தம் ஏறும்வரை மூடி பிடித்து வைத்திருக்கும், அதற்கு மேல் போனால் உபரியை டப்பாவுக்குத் திறந்துவிடும் என்று பொருள். கூலண்ட்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கலவை திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், 0.9 அழுத்தத்தில் அந்தக் கொதிநிலை 125 டிகிரியை ஒட்டி உயர்கிறது. இதனால்தான், எஞ்சின் ஆறியிருக்கும்போது பானட்டைத் திறந்து எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பல கசிவுகள் தெரிவதில்லை. அழுத்தம் ஏறினால் மட்டுமே அவை திறக்கின்றன. இதற்கு மாறாக, சூடாக இருக்கும்போது உலோகமும் ரப்பரும் விரிந்து அடைத்துக்கொண்டு, அதிகாலைக் குளிரில் சுருங்கியதும் மட்டும் ஒழுகுகிற இணைப்புகளும் உண்டு. ஆகவே ஆறிய நிலையில் ஒருமுறையும் சூடான நிலையில் ஒருமுறையும் பார்க்காமல், கசிவு இல்லை என்ற முடிவுக்கு வரக் கூடாது.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. துணியைப் போட்டு மெதுவாகத் திருகினால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அழுத்தம் விடுபட்ட கணத்தில் உள்ளே இருக்கும் திரவம் முழுதும் கொதித்து மேலே பீறிடும்போது அந்தத் துணி எதையும் தடுக்காது. ரேடியேட்டரின் மேல்பக்கத்தை எஞ்சினோடு இணைக்கும் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பார்த்து, அது ஆறி மென்மையாக இருந்தால் மட்டுமே மூடியில் கை வைக்க வேண்டும். சாவியை அணைத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுழலும் கார்கள் இருப்பதால், விசிறியின் அருகே விரல் போகும் வேலை எதுவானாலும் பேட்டரியின் மைனஸ் இணைப்பைக் கழற்றிவிடுவது நல்லது. காருக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்துத் தாங்க வேண்டும். கூலண்ட்டில் உள்ள எத்திலீன் கிளைகோல் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. தரையில் தேங்கியதை நாயோ பூனையோ நக்கினால் அதன் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும்; குழந்தைகளுக்கும் அதே ஆபத்துதான். வடித்த கூலண்ட்டை மூடியுள்ள பாத்திரத்தில் பிடித்து, சிந்தியதை உடனே கழுவிவிடுங்கள்.

முதலில், கூலண்ட் உண்மையிலேயே குறைகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காலையில் எஞ்சினை இயக்குவதற்கு முன், சமதரையில் நிற்கும் காரின் கூலண்ட் டப்பாவில், திரவம் நிற்கும் மட்டத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டித் தேதி எழுதுங்கள். மாலையில் ஓட்டி வந்ததும் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும். அதனால் ஒப்பீடு எப்போதும் காலைக்குக் காலை என்றுதான் இருக்க வேண்டும். ஒரு வாரம் இப்படிப் பார்த்தால் குறையும் வேகம் தெரிந்துவிடும். அதே நேரத்தில் ரேடியேட்டர் மூடியையும் திறந்து கழுத்துவரை திரவம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. டப்பா நிறைந்திருந்து ரேடியேட்டர் மட்டும் குறைந்திருந்தால், அதுவே ஒரு தடயம். எஞ்சின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவில் உள்ள சிறிய வால்வு வழியாக டப்பாவிலிருந்து கூலண்ட் திரும்ப இழுக்கப்பட வேண்டும். அந்த வால்வு ஒட்டிக்கொண்டாலும், டப்பாவுக்குப் போகும் மெல்லிய குழாயில் வெடிப்பு இருந்தாலும், வேறெங்காவது கசிவு இருந்து அதன் வழியே காற்று புகுந்தாலும் திரவம் திரும்பாது. ஆறிய பிறகு மேல் ஹோஸ் உள்வாங்கிச் சப்பையாகிக் கிடந்தால், குற்றம் பெரும்பாலும் மூடியின் அந்தச் சிறிய வால்வில்தான் இருக்கும். மூடியின் ரப்பர் வளையம் தட்டையாகியோ வெடித்தோ இருந்தால், மேற்கொண்டு யோசிக்காமல் அதே எண் பொறித்த புதிய மூடியை வாங்கிப் போடுங்கள். இந்த வேலையிலேயே மலிவான உதிரிப் பாகம் அதுதான்.

அம்பாசடர், பத்மினி போன்ற கார்களில் கூலண்ட் டப்பா இல்லாமல், ரேடியேட்டர் கழுத்திலிருந்து ஒரு குழாய் நேரே தரையை நோக்கிப் போகும் அமைப்பே பெரும்பாலும் இருக்கும். அவற்றில் கழுத்துவரை நிரப்பினால், சூடேறி விரியும் திரவம் வெளியே கொட்டுவது இயல்பு. ஓரிரு அங்குலம் இடம் விட்டு நிரப்பிப் பார்த்து, அதற்குப் பிறகும் குறைந்தால்தான் கசிவு என்று கொள்ள வேண்டும்.

அடுத்து, இரவு கார் நிற்கும் இடத்தில் எஞ்சினுக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் பேனாவால் குறித்து வையுங்கள். காலையில் அட்டையில் விழுந்த கறை எந்தச் சக்கரத்துக்கு அருகில், பம்பரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பது அதிலேயே பதிவாகிவிடும். நிறமும் பிசுபிசுப்பும் இல்லாத தண்ணீர் இடப்பக்க இருக்கைக்கு முன்னால் சொட்டியிருந்தால், அது பெரும்பாலும் ஏசியின் வடிநீர்தான், கவலை வேண்டாம். விரல்களுக்கு இடையே தேய்த்தால் வழுக்குவதும், பச்சை, சிவப்பு அல்லது நீல நிறம் இருப்பதும், இனித்த வாடை வீசுவதும் கூலண்ட்டின் அடையாளங்கள். பல ஆண்டுகளாக வெறும் தண்ணீரிலேயே ஓடிய காராக இருந்தால், தேடலுக்கு முன்பே சரியான விகிதத்தில் நிறமுள்ள கூலண்ட்டை நிரப்பிவிடுங்கள். தண்ணீர் காய்ந்தால் தடம் தெரியாது, கூலண்ட் காய்ந்தால் நிறத்தோடு கறை படியும். அட்டை காட்டுவது சொட்டு விழுந்த இடத்தைத்தானே தவிர, கசிந்த இடத்தை அல்ல. மேலே கசியும் திரவம் ஹோஸின் அடிவயிற்றிலும் எஞ்சினின் விளிம்பிலும் ஊர்ந்து, தாழ்வான முனையொன்றை அடைந்த பிறகே சொட்டுகிறது.

இதனால் தேடலின் பாதி வேலை, எஞ்சினைக் கழுவி உலர்த்துவதுதான். ஆண்டுக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் படிந்த எஞ்சினில் புதிய ஈரம் எது, பழைய ஈரம் எது என்று யாராலும் சொல்ல முடியாது. பிளக்குகளுக்கு மின்சாரம் பிரிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், கார்புரேட்டர் அல்லது காற்று வடிகட்டியின் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு, மற்ற இடங்களைப் பிசுக்கு நீக்கும் டிகிரீசர் போட்டுத் தேய்த்து, மெல்லிய தண்ணீர் விட்டு அலசி, துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கழுவுவதற்கு முன்பே ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துப் படம் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது. ஏனெனில் மெதுவான கசிவுகள் காய்ந்து, வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பொருக்கை விட்டுச் செல்கின்றன. போர்வெல் தண்ணீர் ஊற்றிய கார்களில் இந்தப் பொருக்கு தடிப்பாகவே தெரியும். கழுவினால் அந்தத் தடயம் போய்விடும்.

உலர்ந்த எஞ்சினில் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாகப் பொருத்தும் கைபம்ப்பும் அழுத்தமானியும் சேர்ந்த கருவி ஓரளவு பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் இருக்கும். இணையக் கடைகளிலும் கிடைக்கிறது. எஞ்சின் ஆறிய நிலையில் ரேடியேட்டரை நிரப்பி, கருவியைப் பொருத்தி, மூடியில் பொறித்த அளவுவரை மட்டும் பம்ப் அடியுங்கள். அதற்கு மேல் அடித்தால், பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியோ, கூலண்ட் ஓடிக் காருக்குள் சூடு தரும் ஹீட்டரோ பிளந்து புதிய கசிவை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். கால் மணி நேரம் முள் அசையாமல் நின்றால் ஆறிய நிலையில் வெளிக்கசிவு இல்லை என்று கொள்ளலாம். முள் இறங்கினால் அவசரப்படாமல் எஞ்சினைச் சுற்றி வாருங்கள். பெரிய கசிவு கண்ணுக்குத் தெரியும். சிறியதைச் சில சமயம் காதுதான் முதலில் பிடிக்கும். சந்தேகம் உள்ள இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லிசாகத் தூவி வைத்தால், துளி ஊறிய இடத்தில் பவுடர் கருத்துக் கோடு போட்டுவிடும்.

கருவி கிடைக்காதபோது காரின் சொந்த அழுத்தத்தையே பயன்படுத்தலாம். மூடியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, விசிறி இரண்டு மூன்று முறை ஓடி நிற்கும்வரை காத்திருந்து, அணைத்த பிறகு பார்க்க வேண்டும். அணைத்த பின் முதல் சில நிமிடங்கள் மிக முக்கியமானவை. தண்ணீர் சுற்றோட்டம் நின்று, எஞ்சினின் வெப்பம் கூலண்ட்டில் இறங்கி, அழுத்தம் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். கசிவு மிக நுண்ணியதாக இருந்தால், கூலண்ட்டுக்கென்றே விற்கும் ஒளிரும் சாயத்தைக் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, இரவில் ரூபாய் நோட்டைச் சோதிக்கும் புற ஊதா விளக்கை அடித்துப் பார்க்கலாம். கசிந்த தடம் முழுவதும் மஞ்சள் பச்சையாக ஒளிரும்.

ஈரத்தைக் கண்டதும் அதைத் தொட்டுக்கொண்டே மேலே போங்கள். ஈரமான பகுதியில் மிக உயரமான புள்ளி எது என்பதே கேள்வி. ஓடும் காரில் விசிறிக் காற்றும் எதிர்க்காற்றும் துளிகளைப் பின்னோக்கி அடிக்கும் என்பதால், மிக உயரமான புள்ளியோடு மிக முன்னால் உள்ள புள்ளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாமல், ஈரமாக இருந்ததாலேயே நல்ல வாட்டர் பம்பை மாற்றிவிட்டு, அதற்கு மேலே இருந்த தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் திறந்து கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) மூடியிலிருந்து மறுபடியும் ஒழுகுவதைப் பார்த்து வருந்தியவர்கள் ஏராளம்.

அதிகம் கசியும் இடம் ஹோஸ்களின் நுனி. கிளிப் இறுக்கமாக இருக்கிறது என்பதால் ஹோஸ் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. கிளிப்பைத் தளர்த்திப் பின்னுக்குத் தள்ளி, அது மூடியிருந்த இடத்தைப் பாருங்கள். கிளிப்பின் விளிம்பு ரப்பரில் பதிந்த பள்ளத்தில், நீளவாக்கில் மயிரிழை போன்ற வெடிப்புகள் இருக்கும். ஹோஸை விரலால் மடக்கினால் அவை வாய் திறந்து உள்ளே இருக்கும் நூல் தெரியும். அந்த நூலில் ஈரம் ஊறியிருந்தால் கசிவு ஹோஸின் உட்சுவரிலிருந்தே வருகிறது என்று பொருள். கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது. ஹோஸை உருவி எடுத்து, அது ஏறி நிற்கும் உலோகக் கழுத்தையும் பாருங்கள். அலுமினியக் கழுத்து அரித்துக் குழிகுழியாக இருந்தால், புதிய ஹோஸும் சில மாதங்களில் கசியும். லேசான அரிப்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யலாம். ஆழமான குழி என்றால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் பார்க்காதவர் இல்லை. எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் போகும் பாதையான இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும் விரலளவு ஹோஸையும், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் ஹீட்டர் எதற்கு என்று அந்த இரண்டு ஹோஸ்களையும் ஒரு குழாய்த்துண்டால் நேரே இணைத்துவிட்ட கார்கள் நிறைய ஓடுகின்றன. அப்படியான இணைப்பு இருந்தால் அதை முதலில் சந்தேகியுங்கள்.

வாட்டர் பம்பில், அச்சுக்கு அடியில் ஒரு சிறிய துளை இருக்கும். அது பழுதல்ல, வேண்டுமென்றே வைத்தது. பம்பின் உள்சீல் தேய்ந்தால், கூலண்ட் பேரிங்குக்குள் போகாமல் வெளியேற வழிசெய்யும் துளை அது. சிறிய கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்துப் பார்த்தால், அந்தத் துளையிலிருந்து கீழ்நோக்கி நிறமுள்ள கறைக்கோடு ஒன்று பம்பின் உடலில் இறங்கியிருப்பது தெரியும். அந்தக் கோடு ஈரமாகவோ தடித்த பொருக்காகவோ இருந்தால் பம்ப் முடிந்துவிட்டது. துளையை எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் இருக்கிறார்கள். அடைத்தால் கூலண்ட் பேரிங்கைத் தின்று, ஒருநாள் பம்ப் இறுகி, பெல்ட்டையும் அறுத்துவிடும். பெல்ட்டைத் தளர்த்திவிட்டுப் பம்பின் புல்லியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சிறிதளவு ஆட்டம் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். எஞ்சினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டால் பம்ப் ஓடும் கார்களில், பம்பை மாற்றும்போதே அந்தப் பெல்ட்டையும் சேர்த்து மாற்றிவிடுவது உத்தமம்.

ரேடியேட்டரைப் பொறுத்தவரை, அலுமினிய உடலும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பில் உள்ள ரப்பர் காலப்போக்கில் இறுகி, அந்த விளிம்பில்தான் கசியும். பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் ஈயம் பற்றவைத்த மூட்டுகளைப் பாருங்கள்; அதை ரேடியேட்டர் கடையில் மறுபடி பற்றவைக்க முடியும். தெர்மோஸ்டாட் மூடியின் பேக்கிங், வெப்ப சென்சாரின் மரை, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகு ஆகியவற்றை விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தால் போதும். எஞ்சின் பிளாக்கின் பக்கத்தில் பதித்திருக்கும் வட்டமான தகர மூடிகளைக் கவனமாகப் பார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் ஓடிய எஞ்சின்களில் இவை உள்ளிருந்து துருப்பிடித்து, ஊசி முனையளவு ஓட்டை விழும். எக்ஸாஸ்ட்டின் பின்னால் ஒளிந்திருக்கும் மூடியில் கசிந்தால், துளி கீழே விழுவதற்கு முன்பே ஆவியாகிவிடுவதால் தரையில் ஒரு சொட்டுக்கூட இருக்காது.

காருக்குள் கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்கி, துடைத்தாலும் திரும்ப வந்து, இனித்த வாடையும் இருந்தால், டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள ஹீட்டர் கசிகிறது. முன்பக்கக் கால்மிதியைத் தூக்கி அடியில் தொட்டுப் பாருங்கள்.

வெளியே எங்குமே ஈரமில்லை, ஆனால் மட்டம் குறைகிறது, அழுத்தமானி முள்ளும் இறங்குகிறது என்றால், கூலண்ட் எஞ்சினுக்குள் போகிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் அது ஹெட் கேஸ்கட் அல்லது ஹெட் வெடிப்பின் அடையாளம். அந்த நிலையில் எஞ்சினை மேலும் ஓட்டக் கூடாது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் மெல்லிய வெளிர் பிசுக்கு இருந்தால் பதற வேண்டாம். தினமும் சிறிது தூரம் மட்டுமே ஓடும் காரில், காற்றின் ஈரப்பதம் படிந்து அப்படி ஆவது வழக்கம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். கூலண்ட் புகும் சிலிண்டரின் பிளக், மற்றவை பழுப்பேறியிருக்கும்போது, நீராவியால் கழுவப்பட்டுத் தனியாக வெளுத்திருக்கும். இறுதி உறுதிக்கு, ரேடியேட்டர் கழுத்தில் வைத்துப் பார்க்கும் நீல நிற ரசாயனச் சோதனை உண்டு. எரிந்த வாயு கூலண்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், முதலில் இந்தச் சோதனையைச் செய்துகாட்டும்படி தயங்காமல் கேளுங்கள்.

ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடையில் விற்கும் கசிவடைப்புப் பொடிகளும் அதே வேலையைத்தான் செய்கின்றன. நடுவழியில் வீடு சேர வேறு வழியே இல்லையென்றால் பயன்படுத்தலாம். ஆனால் ஓட்டையை அடைக்கும் பொருளுக்கு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை விட்டுவைக்கத் தெரியாது. பாதி குழாய்கள் அடைந்த ரேடியேட்டர், கசியாமல் இருந்தும் எஞ்சினைக் கொதிக்க வைக்கும். போட்டுவிட்டிருந்தால், சரியான பழுதுபார்ப்பின்போது முழு அமைப்பையும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி எடுக்க வேண்டும்.

கசிந்த பாகத்தை மாற்றிய பிறகு, டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட்டைச் சரிபாதியாகக் கலந்து, அல்லது கலந்தே விற்பதை வாங்கி, மெதுவாக நிரப்புங்கள். ஹீட்டர் குமிழைச் சூடான பக்கம் முழுதும் திருப்பி வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்தபடியே, ஆறிய எஞ்சினை இயக்கிவிட வேண்டும். காற்றுக் குமிழிகள் வெளியேற வெளியேற மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊற்றி, தெர்மோஸ்டாட் திறந்து கீழ் ஹோஸ் சூடாகத் தொடங்கியதும் மூடியைப் போட்டுவிடுங்கள். உள்ளே காற்று சிக்கியிருந்தால், கசிவே இல்லாத காரும் சூடேறும் என்பதால் இந்தப் படியில் அவசரம் கூடாது. பிறகு மறுபடியும் அழுத்தச் சோதனை செய்து, டப்பாவில் புதிய டேப் ஒட்டி, இன்னொரு வாரம் காலைதோறும் பாருங்கள். முதல் நாளில் மட்டம் சற்று இறங்குவது மிச்சக் காற்று வெளியேறியதால் இருக்கலாம், அதை நிரப்பிவிடுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தால் இரண்டாவது கசிவு ஒன்று இருக்கிறது. மிகப் பலவீனமான இடத்தைச் சரிசெய்ததும், அமைப்பு இப்போது முழு அழுத்தத்தையும் தாங்கி நிற்பதால், அடுத்த பலவீனமான இடம் திறப்பது பழைய கார்களில் அடிக்கடி நடக்கும். அப்போதும் அட்டையை விரித்து, ஈரத்தின் உச்சிப்புள்ளியிலிருந்தே தொடங்குங்கள்.